தொட்டிக்கு முன்னால் பெரட்டு

எங்கள் வீட்டில் தொலைக்காட்சி இருக்க வேண்டிய மேசையில் கடல் இருக்கிறது. பெரிய கடல் இல்லை. நத்தார் பண்டிகைக் காலத்தில் வரும் பெரிய பிஸ்கட் டின்னைவிடக் கொஞ்சம் அகலமான ஒரு கண்ணாடித் தொட்டி, அவ்வளவுதான். அதற்குள் உப்புத் தண்ணீர், நாலைந்து பாறைத் துண்டு, பாறையில் ஒட்டி வளரும் பவளம், ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு மீன், ஒரு இறால், சில நத்தைகள். மலையகத்து ஹட்டனில், மூடுபனி கேட்காமலே சன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும் வீட்டில், இது எட்டு வருடத்துக்கு மேலாக உயிரோடு இருக்கிறது. இதற்குக் காரணம் என் கணவர். நான் கலியாணம் செய்தபோது அந்த மனிதருக்கு நீச்சல் தெரியாது. இப்போதும் தெரியாது.

அவர் தேயிலைக்குள் பிறந்தவர். கடலை முதன்முதலில் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில், அதுவும் பஸ்ஸில் வாந்தி எடுத்த களைப்பில், அரைக்கண்ணால். கடைவீதியில் கைப்பேசி பழுது பார்க்கிறார். பகல் முழுக்க எறும்புத் தலை அளவு ஆணிகளோடு மாரடித்துவிட்டு வருகிற ஆளுக்கு வீட்டிலும் கண்ணுக்குத் தெரியாத ஏதாவது வேண்டியிருந்தது போல. "பவளம் செடி இல்ல, தெரியுமா? அது ஒரு உயிரு. ஆயிரம் வாய் இருக்கு" என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார். ஒரு வாயோடேயே சமாளிக்க முடியவில்லையே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கடல் தண்ணீரை நீர்கொழும்பில் ஒரு படகுக்காரரிடம் சொல்லிவைத்து, கரையிலிருந்து தள்ளிப் போய் அள்ளிக் கொண்டுவர வேண்டும். முதல் தடவை நானும் கூடப் போனேன். தெரிந்தவரின் வேனில் நீலக் கேன்களை அடுக்கிக்கொண்டு வரும்போது கினிகத்தேனையில் பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார்.

"மே கேன்வல மொனவத?" கேனில் என்ன என்கிறார்.

"முஹுது வதுர" என்றார் என் கணவர், பெருமையாக. கடல் தண்ணீர்.

மலைக்கு யாராவது கடல் தண்ணீர் கொண்டு போவார்களா? கசிப்புதான், கள்ளச்சாராயம்தான் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. ஒரு கேனைத் திறந்து மோந்து பார்த்தார். விரலை விட்டு நாக்கில் வைத்தார். முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் என் கணவரை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்தார். பிறகு சிங்களத்தில், இவருக்கு இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று என்னிடம் தணிந்த குரலில் விசாரித்தார். இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றேன்.

கொழும்பில் பவளம் வளர்ப்பவர்கள் தண்ணீரைக் குளிர வைக்க மெஷின் வாங்குகிறார்களாம். எங்களுக்கு நேர் எதிர். இங்கே தண்ணீருக்குள் ஹீட்டர் வைக்காவிட்டால் எல்லாம் விறைத்துப் போகும். நான் குளிரக் குளிரப் பச்சைத் தண்ணீரில் பாத்திரம் கழுவ, மீன்கள் இரண்டும் வெந்நீரில் குடித்தனம் நடத்துகின்றன. சூட்டுக்குத் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே ஆவியான அளவுக்குத் தினமும் காலையில் வடிகட்டிய நல்ல தண்ணீர் விட வேண்டும். அதற்காகக் கண்ணாடியில் ஒரு சிவப்பு நாடாவை ஒட்டி வைத்திருக்கிறார். நாடாவுக்குக் கீழே தண்ணீர் இறங்கக் கூடாது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது அங்கே சுவருக்கும் தெரியும். "கணக்குத் தெரிஞ்ச நீ இத பாத்துக்கயேன்" என்று அவர் ஒரு நாள் இழுத்தார். இனிமேல் இழுக்க மாட்டார்.

அந்த வேலை கடைசியில் என் மாமியாரிடம் போய்ச் சேர்ந்தது.

மாமா இறந்த பிறகு அத்தையைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்களோடு கூட்டி வந்தோம். அவர்கள் இருந்த லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலே மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. அதிகாரிகள் வந்து சுவரில் சிவப்பு மையால் அடையாளம் போட்டு, மழைக்காலத்தில் இங்கே யாரும் தங்கக் கூடாது என்று சொன்னார்கள். வேறு எங்கே தங்குவது என்று கேட்டதற்குப் பதில் சொல்ல அவர்கள் நிற்கவில்லை. லயத்தில் பாதிப் பேர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அத்தை ஒரு துணிப்பையோடு வந்தார். அலமாரியில் ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்தேன். "இருக்கட்டும் புள்ள. நாலு நாள்ல போறவளுக்கு எதுக்கு அலமாரி?" என்று பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அந்த நாலு நாள் வருடக்கணக்கில் நீண்டது. தட்டில் என் சேலைகள் திரும்பவும் ஏறிக்கொண்டன. பை மட்டும் அவிழவே இல்லை. தேத்தண்ணியில் சீனி கூடினால் பை வெளியே வரும். நான் குரலை உயர்த்தினால் பை வெளியே வரும். "என் காம்பராவுக்கே நான் போறேன் டீச்சர்" என்பார். காம்பரா என்றால் லயத்தில் அவருடைய அறை. சமாதானமாக இருக்கும்போது நான் புள்ள, கோபம் வந்தால் டீச்சர். ஒரு மழை நாளில் பையோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டார். மகன் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி, கெஞ்சிக் கூட்டி வந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் எனக்கு அந்தச் சிவப்பு அடையாளம்தான் ஞாபகம் வரும்.

"இங்க எனக்கு என்னா வேல இருக்கு? சும்மா குந்திக்கிட்டுத் திங்கவா?" என்பதுதான் அவருடைய ஒரே வழக்கு. மலையில் கொழுந்து எடுத்தே வாழ்ந்தவருக்கு அது நியாயமான வழக்கு. ஒரு காலையில் என் கணவர் அவர் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்துத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினார். "இந்த நாடா வரைக்கும் தண்ணி ஊத்தணும்மா. தெனமும். மறந்தா எல்லாம் செத்துரும்." செத்துரும் என்பதைக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்.

அத்தை முதலில் தொட்டியை முறைத்துப் பார்த்தார். "இத சாப்புடவும் முடியாது, சந்தையில விக்கவும் முடியாது. இதுக்கு வேற கரண்டா?" என்றார். நான் அன்றுதான் முதன்முறையாக அவரோடு முழு மனதாக ஒத்துப் போனேன். ஆனால் ஒரு வாரம் போவதற்குள் கட்சி மாறிவிட்டார்.

தோட்டத்தில் காலையில் வேலைக்குப் போகும் முன் எல்லாரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதுதான் பெரட்டு. பிந்தி வந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் வேலை. வராவிட்டால் பேர் இல்லை. வாழ்நாள் முழுக்கப் பெரட்டில் நின்று தன் பேருக்குக் காது கொடுத்தவர், இப்போது தொட்டிக்கு முன்னால் டம்ளரோடு நின்று பெரட்டு எடுக்க ஆரம்பித்தார். மீன்களில் பெரியது, எல்லாரையும் விரட்டிக்கொண்டு திரிவது, கண்டாக்கு. மலையில் வேலை வாங்குகிற அந்த ஐயாவுக்கு இருந்த அதே உருட்டல் முழி என்றார். அது பெண் மீன் என்று மகன் விளக்கப் போனார். "பொம்பள கண்டாக்கு வரக் கூடாதா?" என்று அவர் வாயை அடைத்துவிட்டார். மீன்களின் உடம்பைச் சுத்தம் பண்ணும் இறால், தோட்டத்து மருந்தகத்து டிஸ்பென்சர். பாறையை மேயும் நத்தைகள் கொழுந்துக்காரிகள். மீன்களில் சிறியது சின்னவர். அவர் எப்போதும் கண்டாக்குக்குப் பின்னால் ஒளிந்து, எல்லாரும் வந்த பிறகுதான் தலையைக் காட்டுவார். "தெனமும் லேட்டு. ஒங்களுக்கு அரைப்பேர்தான்" என்று தினமும் சொல்வார் அத்தை. சொல்லிவிட்டு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு துணுக்குத் தீனியை அவருக்குத் தனியாகப் போடுவார்.

ஒரு நாள் டிஸ்பென்சர் செத்துக் கிடந்தார். அத்தை அழுதே விட்டார். வெள்ளையாக, மீசையோடு, மிதந்துகொண்டிருந்ததைக் கரண்டியால் எடுத்து, பத்திரிகைத் தாளில் சுற்றி, வாசலில் ரோசாச் செடிக்கு அடியில் புதைத்து, ஒரு செபமும் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் பெரட்டுக்கு டிஸ்பென்சர் முதல் ஆளாக வந்து நின்றார். இறால் சட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் புதுச் சட்டையோடு வரும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. கடலையே வீட்டுக்குக் கொண்டுவந்த மேதைக்கும்தான். "ஒரு வார்த்த சொல்லிட்டுக் கழட்டக் கூடாதா?" என்று அத்தை அவருக்கு அன்று பேரையே வெட்டிவிட்டார். நான் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, "சிரி டீச்சர், சிரி" என்றார்.

அதற்குப் பிறகு பை வெளியே வருவது குறைந்தது. வந்தாலும், "இதுகள யாரு பாக்குறது? பொழச்சுப் போங்க" என்று திரும்ப உள்ளே போய்விடும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி ஊரே பேசி முடித்துவிட்டது, நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டில் காலையில் ஒரு குரல் நாலு பேரைக் கூப்பிடுவது நன்றாக இருந்தது. அதை அத்தையிடம் நான் சொன்னதில்லை.

போன மழைக்காலத்தில் என் கணவர் தண்ணீர் எடுக்க நீர்கொழும்புக்குப் போன அன்றைக்கென்று வானம் பொத்துக்கொண்டது. கினிகத்தேனைக்குப் பக்கத்தில் மண்மேடு சரிந்து ரோடு மூடியது. ரயில் நின்றது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். கரண்டும் போனது. எங்கள் மலைத் தண்ணீரெல்லாம் கீழே ஓடி, பொல்பிட்டி மின் நிலையத்தில் கரண்டாகி, எங்கெங்கோ வெளிச்சம் கொடுக்கிறது. மழை கொட்டுகிற அன்று இருட்டு எங்களுக்கு.

போன் வந்தது. "தண்ணி எத்தன டிகிரி?" என்பதுதான் முதல் கேள்வி.

"நானும் ஒங்க அம்மாவும் நல்லா இருக்கோம். கேட்டதுக்கு ரொம்ப நன்றி" என்றேன்.

அசடு வழிந்துவிட்டு விசயத்துக்கு வந்தார். தண்ணீர் குளிரக் கூடாது, அசையாமலும் நிற்கக் கூடாது. அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். வெந்நீர் போத்தல்களை மிதக்க விடு, பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டாரைப் போடு, பேட்டரி தீர்ந்தால் கோப்பையால் மொண்டு மொண்டு ஊற்று. இவ்வளவும் சொல்லி முடிக்கும்போது என் போனில் சார்ஜ் முடிந்தது.

அன்று அத்தை பையை எடுத்துக் கட்டில் மேலேயே வைத்துவிட்டார். "காம்பரா ஒழுகும். சாமான் எல்லாம் நனையும். யாரு பாக்குறது?" என்றார். மலை வெடித்திருக்கிற இடத்துக்கு, ரோடு சரிந்திருக்கிற மழையில் போகப் போகிறாராம். நான் கத்தினேன். அவர் அசையவில்லை. பிறகு தொட்டியைப் பார்த்தார். "சரி, தம்பி வர்ற வரைக்கும் இதுகள பாத்துக் குடுத்துட்டுப் போறேன்" என்றார். அந்தக் குட்டிக் கடல் மட்டும்தான் அவரைப் பிடித்து வைத்திருந்தது. அது செத்தால் அவர் போய்விடுவார். அன்றிலிருந்து நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டது போல என் கணவர்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

பேட்டரி சீக்கிரமே தீர்ந்துபோக, முறை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மொண்டு ஊற்றினோம். நான் ஊற்றும்போது அத்தை அடுப்படியில் வெந்நீர் போடுவார். அவர் ஊற்றும்போது நான். வெளிச்சம் இல்லாததால் பவளம் எல்லா வாயையும் மூடிக்கொண்டு சுருங்கியிருந்தது. மறுநாள் பிற்பகல் பேட்டரி கிடைக்குமா என்று பார்க்க நான் கடைவீதிக்குப் போனேன். பாதிக் கடைகள் பூட்டு. ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் கடைசி நாலு பேட்டரி இருந்தது. திரும்பி வர நேரமாகிவிட்டது.

வந்து பார்த்தால் மேசையில் தொட்டியைக் காணவில்லை. ஒரு கம்பளி மூட்டை இருந்தது.

அத்தையின் கம்பளி. மலையில் மழைக்குத் தலையிலிருந்து போட்டுக்கொண்டு கொழுந்து எடுத்த கறுப்புக் கம்பளி. துவைக்க யாரையும் விடமாட்டார். குளிர் என்றால் இங்கே பிள்ளைக்கும் கம்பளி, காய்ச்சல்காரருக்கும் கம்பளி, குட்டி போட்ட ஆட்டுக்கும் கம்பளி. கண்ணாடி சில்லிட்டிருப்பதைத் தொட்டுப் பார்த்தவர், போத்தல்களில் புதிதாகக் கொதிநீர் நிரப்பி மிதக்கவிட்டு, தொட்டியை அடியிலிருந்து மேல்வாயும் மூடும்படி இறுக்கிச் சுற்றி, சூடு வெளியே போகாதபடி விளிம்பைச் சொருகியும் வைத்திருந்தார். மொண்டு ஊற்றினால் சூடு போய்விடுமே என்று அதையும் நிறுத்திவிட்டார். அடுப்படியில் அடுத்த வெந்நீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.

கம்பளியை அவிழ்த்தேன். கண்டாக்கு மேற்பரப்பில் வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. டிஸ்பென்சர் கண்ணாடி விளிம்பு வரை ஏறி நின்றார். சின்னவர் பாறைக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தார். தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

யோசிக்க நேரம் இல்லை. சின்னவரை எடுத்து என் ஸ்வெட்டர் பைக்குள் போட்டேன். பேட்டரியை மோட்டாரில் போட்டு, கோப்பையையும் எடுத்து மொண்டு ஊற்ற ஆரம்பித்தேன். அத்தை வெந்நீரோடு வந்தார்.

"ஏன் புள்ள அவுத்துட்ட? குளுருமே."

"மேல மட்டும் தொறந்து இருக்கட்டும் அத்தை. மூச்சு விடணும்ல" என்றேன், குரலை எவ்வளவு சாதாரணமாக வைக்க முடியுமோ அவ்வளவு சாதாரணமாக. அவர் கம்பளியைப் பக்கங்களில் மட்டும் சுற்றிவிட்டார். கண்டாக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. மழை விட்ட நேரத்தில் வாசலுக்குப் போய், டிஸ்பென்சரின் சட்டை புதைந்திருந்த ரோசாச் செடிக்கு அடியிலேயே சின்னவரையும் புதைத்தேன். தன் கம்பளிதான் அந்த மீனைக் கொன்றது என்று தெரிந்தால் அத்தை ஒரு நிமிடம் இந்த வீட்டில் நிற்கமாட்டார். தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

மறுநாள் பெரட்டு. "கண்டாக்கு. டிஸ்பென்சர். கொழுந்துக்காரிங்க எல்லாம் இருக்காங்க. சின்னவரு எங்க?"

"பாறைக்குப் பின்னாடி இருக்காரு அத்தை. இப்பத்தான் பாத்தேன்."

அத்தை பாறையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. அவருக்கு இன்னைக்கு முழுப்பேர்" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருடத்தில் சின்னவர் முழுப்பேர் வாங்கியதே இல்லை. அதற்கு மறுநாளும் நான் அதே பொய்யைச் சொன்னேன். அன்றும் முழுப்பேர். கண் பார்வை மங்கிவிட்டது போல, நல்லதாகப் போயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கரண்டு வந்ததும் முதல் வேலையாகக் கணவருக்குப் போன் எடுத்து, நடந்ததைச் சொல்லி, வந்தவுடன் உளறக் கூடாது என்று மிரட்டி வைத்தேன். ரோட்டை ஒரு பக்கம் திறந்துவிட்ட அன்று காலையில், பெரட்டு நேரத்துக்குச் சரியாக, நீலக் கேன்களோடு வந்து இறங்கினார். என்னைப் பார்ப்பதற்கு முன்னால் தொட்டியைப் பார்த்தார். பவளம் மறுபடியும் வாய் திறந்திருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"தம்பி, சின்னவரு எங்கப்பா?" என்றார் அத்தை.

நான் கண்ணால் எவ்வளவோ சாடை காட்டினேன். அந்த மனிதர் பொய் சொல்லுவதற்குப் பதில் கடலில் குதித்து நீந்தியிருக்கலாம். "அவர வந்து... கொழும்புக்கு மாத்திட்டாங்கம்மா" என்றார்.

"ரோடுதான் மூடிக் கெடந்துச்சே. எந்த லொறியில போனாரு?"

அத்தை டம்ளரில் இருந்த தண்ணீரை நாடா வரைக்கும் ஊற்றினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரோசாச் செடிக்கு அடியில புது மண்ணு கெடக்குறத நான் அன்னைக்கே பாத்துட்டேன் புள்ள. மேல தொறக்கச் சொன்னப்பவே புரிஞ்சுபோச்சு. என் கம்பளிதான் அவர மூச்சு முட்ட வச்சிருச்சு."

"அப்ப ஏன் அத்தை தெனமும் பேர் கூப்புட்டீங்க? அதுலயும் முழுப்பேரு?"

"செத்துப் போனவருக்கு அரைப்பேரா போடுறது?" என்றார். "நீயும் பாறைக்குப் பின்னாடி இருக்காருன்னு தெனம் சொன்ன. நான் போயிருவேன்னு பயந்துட்டியா?" என்றார்.

"ஆமா" என்றேன். பள்ளிக்கூடத்தையே நடுங்க வைக்கும் கணக்கு டீச்சர், இரண்டு பேருக்கு முன்னால் நின்று அழுதேன். என் கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கேனின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

அத்தை உள்ளே போனார். கட்டில் மேலிருந்து பையை எடுக்கும் சத்தம் கேட்டது. போகத்தான் போகிறார் என்று நினைத்தேன். வெளியே வந்தபோது ஒரு கையில் மடித்த சேலைகள் இருந்தன. மற்றக் கையில் வெறும் பை. பையை மகனிடம் நீட்டினார்.

"தண்ணிக் கேன் கொண்டாற இது ஆகும். தையல் கெட்டி." பிறகு என்னிடம், "அந்த அலமாரித் தட்டு இன்னும் இருக்கா புள்ள?" என்றார்.

நான் அலமாரியைத் திறந்து, என் சேலைகளை அள்ளிக் கட்டிலில் போட்டேன்.